மலையேறும் காருக்கு மூச்சு முட்டுவது ஏன்?

எமது தமிழ்ப் பாடசாலைக் குடும்பங்களுள் ஆண்டிற்கு ஒருமுறையேனும் மலை கடவாதவை மிகச் சிலவே. பேர்கனிலும் அதனை அண்டிய மேற்குக் கரை ஊர்களிலும் வாழும் உற்றார் உறவினரைக் காண்பதற்கும், திருமணம் முதலிய மங்கல நிகழ்வுகளிற் கலந்துகொள்வதற்கும், கோடை விடுமுறையைக் கழிப்பதற்கும் ஒஸ்லோவிலிருந்து நாம் காரிற் புறப்படுகிறோம். இடையே நோர்வேயின் முதுகெலும்பு போன்ற மலைத்தொடர் நிற்கின்றது. அதன்மீது ஏறுங்கால் பின்னிருக்கைப் பிள்ளைகள் வினாக்களைத் தொடுக்கத் தொடங்குவர். காது ஏன் அடைக்கிறது? உருளைக்கிழங்குப் பொரியல் அடைத்த பொதி ஏன் பந்துபோல் ஊதுகிறது? கார் ஏன் முன்போல் இழுக்கவில்லை?

இம்மூன்று வினாக்களுக்கும் விடை ஒன்றே. மலைமேல் வளி ஐதாக இருக்கின்றது. இவ்வுண்மை காரின் எரிபொருள் ஒழுங்கை எவ்வாறு குலைக்கின்றது என்பதையும், குலைந்ததை எவ்வாறு சீர்செய்வது என்பதையும் எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மேட்டுநிலத்தில் ஒரு பாடம்

2011ஆம் ஆண்டுக் கோடையில், நாம் இந்நாட்டிற்கு வந்து நெடுங்காலம் ஆகாத நிலையில், நண்பரொருவரின் காரிற் பேர்கனுக்குப் புறப்பட்டோம். ஐவர் சென்றோம், அவர்களுள் இருவர் சிறு பிள்ளைகள். கார் இருபத்தைந்து ஆண்டு பழையது, காபரேற்றர் பூட்டியது. ஹோனஃபொஸ், கோல், யைலோ ஆகிய ஊர்களைக் கடந்து, 7ஆம் இலக்க நெடுஞ்சாலை வழியே ஹார்டாங்கர்வித்தா மேட்டுநிலத்தை அடைந்தோம். அச்சாலையின் உச்சப் பகுதி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1250 மீற்றர் உயரத்தில் உள்ளது.

உச்சத்தை அணுகுகையில் காரின் இழுவை குன்றியது. பின்னே கரும்புகை எழுந்தது. உள்ளே பெற்றோல் மணத்தது. "எண்ணெய் காணாது போல" என்று ஒருவர் கூறினார். அதுவே சரியென எமக்கும் பட்டது. நண்பர் சோக்கை இழுத்துவிட்டு அக்சிலறேற்றரை ஆழ மிதித்தார். கார் இருமுறை குலுங்கி நின்றுவிட்டது. கோடையாயினும் அம்மேட்டில் குளிர்காற்று வீசிக்கொண்டிருந்தது. சாலையோரத்திற் பனித்திட்டுகள் கிடந்தன. வீடோ கடையோ கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. பிள்ளைகள் நடுங்கத் தொடங்கினர்.

முன்னிருக்கையில் இருந்த பெரியவர் யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் கராச் நடத்தியவர். அவர் இறங்கிச் சென்று புகைக்குழாயை முகர்ந்து பார்த்துவிட்டு எம்மை நோக்கிச் சிரித்தார். "மாஸ்ரர், இதுக்குப் பசியில்லை, மூச்சுத்தான் முட்டுது. மூச்சு முட்டுறவனுக்குச் சாப்பாட்டைத் திணிச்சால் என்ன செய்வான்?" என்றார்.

நாம் ஊரில் விஞ்ஞானம் கற்பித்தவர்கள். உயரம் கூட வளியமுக்கம் குறையும் எனக் கரும்பலகையில் எத்தனையோ தடவை எழுதியவர்கள். ஆயினும் அவ்வறிவு வேண்டப்பட்ட வேளையில் எமக்குக் கைகொடுக்கவில்லை. பெரியவரோ அதனைக் கையிலும் மூக்கிலும் வைத்திருந்தார். அவர் கூறிய பசிக்கும் மூச்சுக்கும் உள்ள வேறுபாடே இப்பாடம் முழுவதன் சாரம்.

எஞ்சின் உண்பதிற் பெரும்பகுதி வளியே

பிள்ளைகள் நோர்வே மொழியிற் 'பென்சின்' எனக் கூறும் பெற்றோல் தானாக எரிவதில்லை. வளியிலுள்ள ஒட்சிசனோடு கூடியே எரிகிறது. 1 கிலோ பெற்றோல் முற்றாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோ வளி தேவை. கணக்கை லீற்றரிற் பார்ப்போம். 1 லீற்றர் பெற்றோலின் நிறை ஏறத்தாழ முக்காற் கிலோ. அதற்கு வேண்டிய வளி 11 கிலோ. கடல் மட்டத்தில், 15 பாகை செல்சியஸ் வெப்பநிலையில், 1 கனமீற்றர் வளி 1 கிலோ 225 கிராம் நிறையுடையது. எனவே 1 லீற்றர் பெற்றோலுக்கு ஏறத்தாழ 9000 லீற்றர் வளி வேண்டும். தாங்கியில் நாம் நிரப்புவது ஒரு பங்கு. வழிநெடுக எஞ்சின் இலவசமாக உறிஞ்சுவது ஒன்பதாயிரம் பங்கு.

ஹார்டாங்கர்வித்தாவின் உச்சத்தில் அதே 1 கனமீற்றர் வளியின் நிறை ஏறத்தாழ 1 கிலோ 85 கிராமே. நூற்றுக்கு 11 பங்கு குறைந்துவிடுகிறது. எஞ்சினின் உருளைகளோ உயரத்திற்கேற்ப விரிவதில்லை. 2 லீற்றர் கொள்ளளவுள்ள எஞ்சின், நிமிடத்திற்கு 3000 தடவை சுழலும்போது, தடையின்றி மூச்செடுத்தால் 3000 லீற்றர் வளியை உள்ளிழுக்கும். ஒஸ்லோவிலும் 3000 லீற்றர், மலைமேலும் 3000 லீற்றர். கன அளவு மாறவில்லை. அதனுள் இருக்கும் ஒட்சிசனே குறைந்துவிட்டது. ஒட்சிசன் குறைந்தால் எரிக்கக்கூடிய பெற்றோலும் குறையும், வலுவும் குறையும். கடல் மட்டத்தில் 100 பரிவலு தரும் சாதாரண எஞ்சின், அவ்வுச்சத்தில் 88, 89 அளவே தரும்.

எமது தாயகத்து நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் உள்ளது. நோர்வேயிற் காரிற் செல்லத்தக்க மிக உயர்ந்த சாலை, கால்ஹோப்பிகன் மலைச்சாரலில் யூவஸ்ஹிட்டா என்னுமிடத்தில் 1841 மீற்றரில் முடிகின்றது. நாடுகள் இரண்டும் உலகின் இரு மூலைகளில் இருப்பினும், எஞ்சினுக்கு அவ்விரண்டும் ஏறத்தாழ ஒரே உயரமே. யாழ்ப்பாணத்து வெயிலில் இருந்து நுவரெலியாவுக்கு ஏறும் வாகனம், தனக்குக் கிடைக்கும் வளியில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கை இழக்கின்றது.

காபரேற்றர் ஏமாறும் விதம்

வளி குறைந்தால் அதற்கேற்பப் பெற்றோலும் தானாகக் குறைந்துவிடாதா என மாணவர் கேட்கலாம். நல்ல வினா. குறையும், ஆனால் போதிய அளவு குறையாது.

காபரேற்றரின் உள்ளே ஓர் ஒடுங்கிய கழுத்து உண்டு. எஞ்சின் உறிஞ்சும் வளி அக்கழுத்தினூடாக விரைந்து செல்லும்போது அங்கு அமுக்கம் தாழும். அத்தாழ்வினால், மிதவை அறையில் உள்ள பெற்றோல் ஜெற் எனப்படும் நுண்துளை வழியே மேலெழுந்து, வளியோடு தூவலாகக் கலக்கும். அதாவது, காபரேற்றர் வளியை நிறுத்துப் பார்ப்பதில்லை. அது பாய்வதனால் உண்டாகும் அமுக்கத் தாழ்வை மட்டுமே உணரும். கணக்கின்படி, வளியின் அடர்த்தி நூற்றுக்கு 11 குறைந்தால், பெற்றோலின் ஓட்டம் ஏறத்தாழ அதன் அரைவாசி அளவே குறையும். ஆகவே வளியோடு ஒப்பிடும்போது பெற்றோல் நூற்றுக்கு 6 பங்கு மிகுந்து நிற்கும். 14.7க்கு 1 என்று இருந்த கலவை 13.8க்கு 1 என்றாகிவிடும். இதனையே மெக்கானிக்குகள் 'றிச்' ஆகிவிட்டது என்பர்.

மிகுந்த பெற்றோல் எரியாமற் கரியாகிப் பிளக்கிற் படியும், கரும்புகையாக வெளியேறும், நஞ்சாகிய காபனோரொட்சைட்டும் பெருகும். எண்ணெய்ச் செலவு கூடும். வலுவோ மேலும் குன்றும்.

நூற்றுக்கு 6 என்னும் மிகுதி மட்டும் அன்று எமது காரை நிறுத்திவிடவில்லை என்பதையும் கூறல் வேண்டும். அதன் வளி வடிகட்டி ஏற்கனவே தூசு மண்டிக் கிடந்தது. எனவே ஒஸ்லோவிலேயே அதற்குப் பாதி மூச்சுத்தான். மலை மேலும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டது. எஞ்சியதை நாமே சோக்கை இழுத்துக் கெடுத்துவிட்டோம். பல காபரேற்றர்களிற் சோக் என்பது வளியை மறிக்கும் மூடி; எமது காரில் இருந்தது போன்றவற்றில் அது ஜெற்றைத் தாழ்த்திப் பெற்றோலை மிகுவிக்கும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்புவதற்கு அது உதவும். சூடேறிய எஞ்சினுக்கு, அதுவும் மலைமேல், அது கழுத்தை நெரிப்பதற்கு ஒப்பாகும்.

பெரியவர் செய்த சிகிச்சை

பெரியவர் முதலிற் சோக்கை உள்ளே தள்ளினார். பிளக்குகளைக் கழற்றிக் கரியைத் துடைத்து உலர்த்தினார். வளி வடிகட்டியைத் தட்டித் தூசு போக்கினார். காபரேற்றரின் அடியில், ஜெற்றை உயர்த்தவும் தாழ்த்தவும் உதவும் அறுகோண மரை ஒன்று இருந்தது. அதனை ஒரு பக்க அளவு, அதாவது ஆறில் ஒரு சுற்று, மேல்நோக்கித் திருகினார். ஜெற் உயர, அதனுள் இறங்கியிருக்கும் கூம்பூசி துளையை மேலும் நிரப்பும்; பெற்றோல் செல்லும் இடைவெளி சிறுக்கும். ஊரில் ஓடிய மொறிஸ் மைனர் கார்களின் எஸ்.யூ. காபரேற்றரிலும் இதே ஒழுங்கே உண்டு. பின்னர் அக்சிலறேற்றரை முழுவதும் மிதித்தபடி எஞ்சினைச் சுழற்றுமாறு கூறினார். தேங்கிய பெற்றோலை வளி அள்ளிச் செல்வதற்காக. மூன்றாம் முயற்சியிற் கார் உயிர்பெற்றது.

கைகளைத் துடைத்தவாறு அவர் கூறிய சொற்களை நாம் மறக்கவில்லை. "அண்டைக்குப் பெற்றோல் இல்லாமல் கார் ஓட்டினம். இண்டைக்குப் பெற்றோல் கூடிக் கார் நிண்டுபோச்சுது" என்றார்.

1990களிற் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்திற் பெற்றோல் அரிதாகிவிட, கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடியதைச் சிறுவராய் இருந்த நாமும் கண்டோம். சிறிது பெற்றோலை ஊற்றி எஞ்சினைக் கிளப்பி, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். மண்ணெண்ணெய் ஆவியாவதற்கு அச்சூடு வேண்டும். வளியையும் எரிபொருளையும் இணக்கி வைக்கும் கலையை அப்பெரியவர் போன்றோர் அந்நாட்களிலேயே கற்றுத் தேர்ந்தனர்.

எல்லாக் காபரேற்றர்களிலும் அத்தகைய மரை இல்லை. பலவற்றில் ஜெற்றையே கழற்றிச் சிறியதை இடவேண்டும். வீபர் காபரேற்றர்களில் ஜெற்றின் எண், துளையின் விட்டத்தை மில்லிமீற்றரின் நூற்றிலொரு பங்கிற் குறிக்கும். 130 என்பது 1.30 மில்லிமீற்றர். அதனை எடுத்து 125 இட்டால் துளையின் பரப்பு எவ்வளவு குறையும்? உயர்வகுப்பு மாணவர் கணக்கிட்டுப் பார்க்கலாம். விட்டத்தின் வர்க்கத்திற்கேற்பப் பரப்பு மாறுமாதலின், நூற்றுக்கு ஏழரை பங்கு குறையும். ஹார்டாங்கர்வித்தா போன்ற உயரத்திற்கு அது சற்றே கூடுதலாயினும் நெருங்கிய அளவாகும். அரை மயிரிழை அளவான மாற்றம் ஓர் எஞ்சினின் மூச்சைத் திருத்திவிடுகின்றது.

பழைய எஞ்சின் பூட்டிய சிறு விமானங்களில் இவ்வேலைக்கென்றே விமானியின் கையருகே ஒரு நெம்பு உண்டு. உயர உயரப் பறக்கையில் அவர் அதனை இழுத்துப் பெற்றோலைக் குறைப்பார். இந்தியாவின் லடாக்கில் 5359 மீற்றர் உயரமான கர்துங் லா கணவாயைக் காபரேற்றர் மோட்டார் சைக்கிள்களிற் கடப்போரும் இதே இடரை எதிர்கொள்வர். அங்குள்ள வளியின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதன் ஆறு பத்திலொரு பங்கிற்கும் குறைவு.

இறங்கும்போது மறவாதீர்

ஏற்றத்தைப் பற்றிக் கவலைப்படுவோர் பலர். இறக்கத்தை நினைப்போர் சிலர். ஹார்டாங்கர்வித்தாவில் இருந்து மோபோ பள்ளத்தாக்கு வழியே இறங்கும் சாலை, சிறிது தூரத்திலேயே எய்ட்ஃபியோர்ட் என்னும் கடலோர ஊரை அடைந்துவிடுகிறது. 1250 மீற்றருக்கென ஒறுத்து வைத்த பெற்றோல், அங்குள்ள செறிந்த வளிக்குப் போதாது. கலவை மெலிந்துவிடும். மெலிந்த கலவையோடு எஞ்சினை வருத்தினால் வெப்பம் மிகும். தட்டல் ஒலி எழும். வால்வுகளும் முசலமும் கருகவும் கூடும். மிகுதியான பெற்றோல் காரை நிறுத்திவிடும். குறைவான பெற்றோலோ சத்தமின்றி எஞ்சினையே அழித்துவிடும். இரண்டாவதே கொடியது. எய்ட்ஃபியோர்ட்டை அடைந்ததும் பெரியவர் காரை நிறுத்துவித்து மரையைப் பழைய நிலைக்குத் திருப்பிய பின்னரே தேநீர் அருந்தினார்.

வெப்பநிலையும் இங்குக் கருதத்தக்கது. குளிர்ந்த வளி செறிவானது. 15 பாகையில் இருந்து உறைநிலைக்குக் கீழே 15 பாகைக்கு வளி குளிர்ந்தால், அதன் அடர்த்தி நூற்றுக்கு 11, 12 பங்கு கூடிவிடும். அதாவது மலை பறித்ததைக் குளிர் பெரும்பாலும் திருப்பித் தந்துவிடும். எனவே கோடையில் மலைக்கெனச் செய்த ஒழுங்கை மாரியிற் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றலாகாது.

இக்காலக் கார்களின் நிலை

இன்று எம்மிடமுள்ள பெற்றோற் கார்களில் அநேகமாகக் காபரேற்றர் இல்லை. உள்வரும் வளியின் அமுக்கத்தையோ அளவையோ உணரிகள் அளக்கின்றன. வெளியேறும் புகையில் ஒட்சிசன் எஞ்சியுள்ளதா என 'லம்டா' எனப்படும் வேறோர் உணரி நோக்குகின்றது. சிறு கணினி ஒன்று கணத்துக்குக் கணம் பெற்றோலைக் கூட்டியும் குறைத்தும் தெளிக்கின்றது. பெரியவரின் மூக்கும் கையும் செய்த வேலை இதுவே. ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் ஆக்கிய இவ்வுணரி 1976ஆம் ஆண்டில் வொல்வோ கார்களில் முதன்முதலாக இடம்பெற்றது. நோர்வேயில் 1989ஆம் ஆண்டு முதற் புதிய பெற்றோற் கார்களுக்குப் புகையைத் தூய்தாக்கும் கட்டலைசர் கட்டாயமாக்கப்பட்டதோடு இவ்வொழுங்கு பரவலாயிற்று.

எனினும் கணினி கலவையைச் சரிசெய்யுமேயன்றி, இல்லாத வளியை உண்டாக்காது. ரேபோ பூட்டிய எஞ்சின் வளியை அமுக்கி ஊட்டுவதால் இழப்பைப் பெரிதும் ஈடுசெய்யும். ரேபோ இல்லாத கார் எத்துணைப் புதிதாயினும் மேட்டில் வலு குன்றியே ஓடும். இதனை அறியாது, ஒஸ்லோவில் முந்துவதுபோல மலைச்சாலையிலும் பாரவண்டியை முந்த முனைவது பேரிடர். முந்துவதற்கு வழமையைவிட நீண்ட தூரம் வேண்டும் என்பதை இளம் ஓட்டுநர் மனங்கொள்ள வேண்டும்.

மின்கார்களுக்கோ மூச்சே தேவையில்லை. 2024ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் நோர்வேயின் சாலைகளில் மின்கார்களின் தொகை பெற்றோற் கார்களின் தொகையை விஞ்சியது. உயரத்தால் அவற்றின் வலு குறையாது. ஆயினும் மலை தன் வரியை வேறு வகையில் அறவிடும். 2000 கிலோ நிறையுள்ள காரை 1250 மீற்றர் உயர்த்துவதற்கு மட்டும் ஏறத்தாழ 7 கிலோவாற்று மணி மின்சாரம் செலவாகும். இறங்கும்போது அதில் ஒரு பகுதியே மீளக் கிடைக்கும்.

அவ்வாறாயின் காபரேற்றர் பற்றிய அறிவு இனி எதற்கு? அது முற்றாக மறைந்துவிடவில்லை. மலைக்குடில்களின் சிறு மின்பிறப்பாக்கிகளிலும், மரமரியும் வாள்களிலும், புல்வெட்டும் பொறிகளிலும், ஊரிலுள்ள பழைய மோட்டார் சைக்கிள்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் அது இன்றும் உண்டு. மலைக்குடிலில் இயந்திரம் கரும்புகை கக்கினால், முதலில் வளி வடிகட்டியைப் பாருங்கள். சோக் உள்ளே உள்ளதா எனப் பாருங்கள். அதன் பின்னரே ஜெற்றைத் தொடுங்கள். மூடிய அறையினுள் அதனை ஒருபோதும் இயக்காதீர்கள். காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை.

மாணவச் செல்வங்களுக்கு

அடுத்த முறை மலை கடக்கும்போது நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். வெறும் நீர்ப் போத்தல் ஒன்றை உச்சியில் வைத்து மூடியை இறுக்குங்கள். கடலோரத்திற்கு இறங்கியதும் அதனை எடுத்துப் பாருங்கள். யாரோ கையால் நசுக்கியதுபோல் ஒடுங்கியிருக்கும். உச்சியில் அதனுள் அடைபட்ட ஐதான வளியைக் கீழேயுள்ள செறிந்த வளி அழுத்துகின்றது. மேலே எஞ்சினுக்கு எவ்வளவு வளி குறைந்தது என்பதை அப்போத்தல் உங்கள் கையிற் காட்டும். பின்னர் அதற்குக் காரணத்தைத் தமிழில் உங்கள் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ விளக்குங்கள். தமிழில் விளக்க முடிந்தால், பாடம் உங்களுக்கு விளங்கிவிட்டது என்பது உறுதி.

பெற்றோருக்கும் ஒரு சொல். ஒன்று தளர்ந்து நிற்கும்போது, அதற்கு இன்னும் ஊட்டவேண்டும் என்றே எமது மனம் முதலில் எண்ணும். அன்று மேட்டுநிலத்தில் நாமும் அவ்வாறே எண்ணினோம். பசியா, மூச்சுமுட்டலா என்று முதலில் நோக்குவதே அறிவு. இப்பாடத்தை எமக்குக் கற்பித்தவர், பாடசாலைப் படிப்பை இடையில் நிறுத்திய ஒரு கராச்சுக்காரர் என்பதை நன்றியுடன் இங்குப் பதிவுசெய்கின்றோம்.